பெட் சிடியில் நெறிகட்டி ஒளிர்கிறது: பரவிவிட்டது என்றே அர்த்தமா?

கோவைமலர்:
அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. வலது நுரையீரலின் மேல்மடலில் 2.6 செ.மீ. கட்டி, பயாப்சியில் அடினோகார்சினோமா (ஒரு வகை நுரையீரல் புற்று). பெட் சிடியில் கட்டியின் எஸ்யூவி (ஊசியில் ஏற்றிய மருந்தை எவ்வளவு இழுக்கிறது என்ற அளவு) 9.2. மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்குக் கீழுள்ள நெறிகட்டியில் 4.1, இரு பக்க ஹைலத்திலும் (மூச்சுக்குழல் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) உள்ள நெறிகட்டிகளில் 3.5. அறுவைக்கு வழியில்லையா? பெர்ஃப்யூஷன் ஸ்கேன் என்று வேறு எழுதியிருக்கிறார்கள். அது எதற்கு? எலும்பு ஸ்கேன் தனியாக வேண்டுமா?

ஐசோடோப்:
பெட் சிடிக்கு ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃபுளூரின்-18 கட்டிய சர்க்கரை. அது புற்றைத் தேடிப் போவதில்லை, சர்க்கரையை அதிகம் தின்னும் செல்லைத் தேடிப் போகிறது. காசநோய், சார்காய்ட் (புற்றல்லாத ஓர் அழற்சி நோய்), ஆறிவரும் நிமோனியா எல்லாமே ஒளிரும். இரு ஹைலத்திலும் ஒரே அளவாக, சமச்சீராக ஒளிர்வது, அதிலும் சிடியில் சுண்ணாம்பு படிந்திருந்தால், பழைய காசநோய்த் தழும்பாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. நம் ஊரில் இது அன்றாடம் பார்ப்பது.

எதிர்ப்பக்க ஹைலம் உண்மையிலேயே புற்று என்றால் அது என்3, அதாவது நெறிகட்டிப் பரவலில் உச்ச நிலை. பொதுவாக அறுவை கிடையாது. அதனால்தான் ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஈபஸ் (மூச்சுக்குழல் வழியே அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் திசு எடுப்பது) செய்து, முதலில் எதிர்ப்பக்க முடிச்சு (நெறிகட்டி), பிறகு நடுநெஞ்சு, கடைசியாகக் கட்டி இருக்கும் பக்கம் என்ற வரிசையில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் ஊசியில் ஒட்டிய செல் அடுத்த முடிச்சுக்குப் போய், இல்லாத பரவலைக் காட்டிவிடும். எஸ்யூவி 2.5 தாண்டினாலே புற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஹாட்லேப்:
எண்ணை நம்புவதற்கு முன் ஸ்கேன் எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ரிப்போர்ட்டிலேயே சர்க்கரை அளவும், ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைவெளியும் இருக்கும். ஊசிக்கு முன் சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும். இடைவெளி 60 நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். 90 நிமிடம் கழித்து எடுத்தால் எஸ்யூவி கூடும். பழைய ஸ்கேனோடு ஒப்பிடும்போது இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊசி போடுமுன் வேக இன்சுலின் போட்டிருந்தால் மருந்தெல்லாம் தசைக்குப் போய்விடும், கட்டி மங்கித் தெரியும்.

ஊசி மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்தப் பக்க அக்குளில் ஒரு பொய் முடிச்சு ஒளிரும். அடிமடலில் உள்ள சிறு கட்டி மூச்சோடு ஏறி இறங்குவதால் படம் கலங்கி, எண் குறைவாக வரும். 8 மி.மீ.க்குக் குறைந்ததை பெட் தவறவிடலாம். கார்சினாய்டும் (மெதுவாக வளரும் ஒரு வகைக் கட்டி) பெரும்பாலும் மங்கல்தான். அதற்கு டோட்டாடேட் என்ற வேறு மருந்து போட்டு ஸ்கேன் எடுப்பார்கள்.

மூச்சுக்கணக்கு:
எலும்பு ஸ்கேன்: தொடை நடுவரை பெட் எடுத்திருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. அதற்குக் கீழே வலி இருந்தால் மட்டும் அந்த இடத்தைத் தனியாகப் பாருங்கள். மூளைக்கு பெட் போதாது. மூளையே சர்க்கரை தின்னும் உறுப்பு, சிறு பரவல் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும். எம்ஆர்ஐ எடுங்கள்.

பெர்ஃப்யூஷன் ஸ்கேன் புற்றைப் பார்ப்பதற்கல்ல, மிச்ச நுரையீரல் தாங்குமா என்று கணக்கிட. கதிரியக்க டெக்னீஷியம் ஒட்டிய ஆல்புமின் (புரதத்) துகள்களைப் படுத்த நிலையில் ஊசி போடுவார்கள். உட்கார்ந்து போட்டால் அடிப்பகுதிக்கே அதிகம் போய்விடும். சிரிஞ்சில் ரத்தத்தை இழுத்துக் கலந்தால் கட்டி தட்டி நுரையீரலில் பொய்ப் புள்ளிகள் தோன்றும்.

எஃப்இவி1 (ஒரு வினாடியில் வேகமாக ஊதி வெளியேற்றும் காற்று) 1.8 லிட்டர், வலது நுரையீரலின் பங்கு 55% என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது நுரையீரல் முழுவதும் எடுத்தால் 1.8 × 0.45 = 0.81 லிட்டர்தான் மிஞ்சும். மேல்மடல் மட்டும் என்றால் இரு நுரையீரலிலும் சேர்த்து உள்ள 19 கூறுகளில் 3 போகும், 1.8 × 16/19, ஏறத்தாழ 1.5 லிட்டர். இதை அப்பாவின் வயதுக்கும் உயரத்துக்கும் வரவேண்டிய அளவில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். 60க்கு மேல் என்றால் நிம்மதி, 30க்குக் கீழ் என்றால் சைக்கிள் மிதிக்க வைத்து ஆக்ஸிஜன் அளக்கும் சோதனை. டிஎல்சிஓவையும் (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) இதேபோல் கணக்கிட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கோவைமலர்:
இடைவெளி 62 நிமிடம், சர்க்கரை 148 என்று இருக்கிறது. ஹைல முடிச்சுகளில் சுண்ணாம்பும் உண்டு.

ஐசோடோப்:
அப்படியானால் எண் சரி. முதலில் ஈபஸ். எடுத்த திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்க்கும், ஜீன்எக்ஸ்பர்ட்டும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சேர்த்து, அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் வளராது.