வேர்ல்ட் லாங்குவேஜ் சூப்பர்வைசர் பதவியை எடுக்கப் போகிறார்களாம். பட்ஜெட் கூட்டத்தில் என்ன கேட்பது?

மிடில்செக்ஸ்_அம்மா:
நியூ ஜெர்சியில் எங்கள் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, மாண்டரின் மூன்றும் உண்டு. அவற்றுக்கென்று இருந்த சூப்பர்வைசர் ரிடையர் ஆகிறார். இங்கிலீஷும் சோஷியல் ஸ்டடீஸும் பார்க்கிறவரிடமே இதையும் கொடுத்துவிடப் போகிறார்களாம். "டீச்சர்கள் அதே ஆட்கள்தான், பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையாது" என்கிறார்கள். நிஜமாகவே குறையாதா? பள்ளி போர்டு கூட்டத்தில் பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

கரும்பலகை:
முதல் அடி அப்சர்வேஷனுக்கு, அதாவது வகுப்பில் உட்கார்ந்து பார்த்து டீச்சரை மதிப்பிடுவதற்கு. மொழி சொல்லிக்கொடுக்கும் முறை தெரியாதவர் பின்வரிசையில் உட்கார்ந்தால் கண்ணில் படுவது அமைதி, ஒழுங்கு, அழகான ஸ்லைடு. டீச்சர் நாற்பது நிமிடமும் ஸ்பானிஷ் வினைச்சொல் அட்டவணையை இங்கிலீஷில் விளக்கியிருந்தாலும் நல்ல ரேட்டிங் விழுந்துவிடும். வகுப்பு நேரத்தில் 90 சதவீதமாவது கற்கும் மொழியிலேயே நடக்க வேண்டும் என்பது ஆக்ட்ஃபில் என்ற அமெரிக்க மொழி ஆசிரியர் அமைப்பின் பரிந்துரை. பேசித் தள்ளினால் மட்டும் போதாது. படம், சைகை, ஏற்கெனவே தெரிந்த சொற்கள் என்று பிள்ளைக்குப் புரியும்படி பேச வேண்டும்.

துறை தெரிந்தவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பார்: இப்போது பேசுவது யார், எந்த மொழியில், பிள்ளை வாக்கியமாகச் சொல்கிறதா, ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறதா. அவருக்கு மாண்டரின் ஓர் எழுத்து தெரியாவிட்டாலும் அந்தத் தாளைப் பார்த்தாலே வகுப்பின் லட்சணம் தெரிந்துவிடும். ஆகவே "மூன்று மொழியும் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது" என்று மடக்கினால் அசராதீர்கள்.

லெவல்_ஒன்று:
அதைவிடப் பெரிய ஓட்டை மிடில் ஸ்கூலுக்கும் ஹை ஸ்கூலுக்கும் நடுவில். மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் மறுபடி லெவல் 1-இல் உட்காரும். ஒவ்வொரு பிரின்சிபலும் தன் கட்டிடத்தை மட்டும் பார்ப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. எட்டாம் வகுப்பு முடிவில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும், இலக்கணத்துக்கு அல்ல, பேசவும் எழுதவும். லெவல் 1 முடிவில் நோவிஸ் மிட், லெவல் 3 முடிவில் இன்டர்மீடியட் லோ (ஆக்ட்ஃபிலின் மொழித்திறன் படிகள் இவை) என்ற மாதிரி இலக்கு வைத்தால், எட்டாம் வகுப்பிலேயே நோவிஸ் மிட்டை எட்டிய பிள்ளையை நேராக லெவல் 2-க்கு அனுப்பலாம். லெவல் 1 செக்‌ஷன்கள் குறையும். பட்ஜெட் கூட்டத்தில் இது எடுபடும்.

இன்னொன்று, மாண்டரின் 3 மாதிரி ஒரே ஒரு செக்‌ஷன் உள்ள வகுப்புகள். மாஸ்டர் ஷெட்யூலில், அதாவது பள்ளி முழுமைக்குமான கால அட்டவணையில், பேண்டு இசை வகுப்போடோ ஏ.பி. கெமிஸ்ட்ரியோடோ மோதினால் பாதிப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் "ஆளே சேரவில்லை" என்று மூடுவார்கள். ஷெட்யூல் போடும்போதே கவுன்சிலர்களோடு உட்கார்ந்து சண்டை போட ஒருவர் வேண்டும். இங்கிலீஷும் சோஷியல் ஸ்டடீஸும் பார்க்கிற சூப்பர்வைசர் தன் இங்கிலீஷ் செக்‌ஷன்களுக்குத்தான் முதலில் பேசுவார், அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பாலாறு:
தனிப் பதவி இருந்தாலே போதும் என்று நம்ப வேண்டாம். அதே ஆளின் தலையில் ஈ.எஸ்.எல். (வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்கான இங்கிலீஷ்) நிர்வாகத்தையும் கட்டினால் வருடம் முழுக்க ரிப்போர்ட் எழுதத்தான் நேரம் இருக்கும்.

"லீட் டீச்சர் பார்த்துக்கொள்வார்" என்றும் சொல்வார்கள். பாடத்திட்டம், எல்லாப் பள்ளிக்குமான அந்த ஒரே தேர்வு, புது டீச்சருக்குக் கைகொடுப்பது எல்லாம் அவரால் முடியும், இரண்டு பீரியடாவது விடுவித்தால். மதிப்பீட்டு அப்சர்வேஷன் மட்டும் முடியாது. அதற்கு உரிய நிர்வாகச் சான்றிதழ் வேண்டும். பணம்தான் பிரச்சினை என்றால் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டோடு ஒரு சூப்பர்வைசரைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

மிடில்செக்ஸ்_அம்மா:
நன்றி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு சீல் ஆஃப் பைலிட்டரசி (இருமொழித் திறனுக்கான அங்கீகாரம்) தேர்வை நடத்துவதும் இதே சூப்பர்வைசர்தான். அது நின்றுவிடுமா?

கரும்பலகை:
நிற்கலாம். அந்தத் திட்டத்தில் சேருவது டிஸ்ட்ரிக்ட்டின் விருப்பம், கட்டாயம் இல்லை. பதிவு, தேர்வுக் கண்காணிப்பாளர், மார்க் அனுப்புவது எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஒருவர் வேண்டும். யார் என்று பெயர் கேட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். தமிழுக்கு ஸ்டாம்ப் டபிள்யூ.எஸ். என்ற கணினித் தேர்வு, பேச்சும் எழுத்தும் மட்டும்; நியூ ஜெர்சியில் இன்டர்மீடியட் மிட் வேண்டும், ஸ்டாம்ப் அளவில் 5. வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளைகள் சறுக்குவது எழுத்தில்தான், அதிலும் தமிழ் டைப்பிங்கில். தேர்வுக்குச் சில வாரம் முன்பே கீபோர்டில் பழக்கிவிடுங்கள்.