புதுப்பிப்பு: கையால் வரைந்த ஊஞ்சல் அனிமேஷனில் சுற்று முடியுமிடத்தில் வந்த தடங்கல் தீர்ந்தது

கல்லூரி ஓவியத் திட்டத்துக்காக நான் தாளில் வரைந்த ஊஞ்சல் காட்சி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கணம் நின்றுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

தாள் நகர்ந்திருக்கலாம் என்று சிலர் சொன்னதால், தாள்களை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும் முளைகள் கொண்ட பட்டையான பெக் பாரைச் சரிபார்த்தேன்; அதில் பிழை இல்லை. கடைசிப் படத்தை நீக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சுற்று ஒட்ட வேண்டும் என்பதற்காக 25-ஆவது தாளில் முதல் படத்தையே நகலெடுத்து வைத்திருந்தேன்; நொடிக்கு 24 பிரேம் (திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் நிலைப்படம்), வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் 2 பிரேம் என்ற கணக்கில், அந்த நிலை மட்டும் 4 பிரேம்கள் திரையில் நின்றது. அதை எடுத்துவிட்டு, 24-ஆவது படத்தை முதல் படத்துக்குச் சற்று முந்தைய நிலையாக அமைத்ததும், 2 நொடிச் சுற்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் ஓடுகிறது.

எதிர்பாராத ஒன்றும் நேர்ந்தது. போகும்போது வரைந்த படங்களையே தலைகீழ் வரிசையில் வைத்துத் திரும்பும் பகுதியை முடித்திருந்தேன்; கயிற்றுக்கும் பலகைக்கும் அது பொருந்தியது, சிறுமியின் சடைக்குப் பொருந்தவில்லை. பின்னால் இழுபட வேண்டிய சடை, செல்லும் திசைக்கு முன்னே நீட்டிக்கொண்டு நின்றது. ஆகவே 14 முதல் 24 வரையிலான 11 படங்களிலும் சடையைப் புதிதாக வரைந்தேன். அதன் நுனி, அடியைவிட இரண்டு படங்கள் பிந்தித் திரும்பியபோதுதான் சடைக்கு எடை வந்தது.