பல்லவிக்கு மூன்று அசையில் ஒரு சொல் வேண்டும்

பாடகர் குழு நடத்துபவர்களுக்கும் பாட்டு மொழிபெயர்ப்பவர்களுக்கும் வணக்கம். ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் எழுதிய 'இட் இஸ் வெல் வித் மை சோல்' ('என் ஆத்துமா சுகமே') என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலைத் தமிழில் அமைப்பதில் ஓரிடம் இடிக்கிறது.

மெட்டு பிலிப் பிளிஸ் போட்டது, 1876. பல்லவியில் ஒவ்வொரு துண்டும் மூன்று அசை: இரண்டு குறுகிய சுரம், பிறகு ஒரு நீண்ட சுரம். அது நீளும்போதே கீழ்க்குரல்கள் எதிரொலிக்கும். முதல் துண்டுக்கு 'சுகமே' அச்சாகப் பொருந்துகிறது. குறில், குறில், நெடில். அடுத்த துண்டில்தான் சிக்கல். 'ஆத்துமா' என்று போட்டால் 'ஆ' குறுகிய சுரத்தில் விழுந்து 'அத்துமா' என்றே கேட்கும். மெட்டை நீட்டினால் எதிரொலி தப்பிவிடும். இரு குறிலில் தொடங்கி நெடிலில் முடியும் மாற்றுச் சொல் யாருக்காவது தோன்றுகிறதா?

இன்னொன்று, பாடலுக்கு முன் வாசிக்கும் அறிமுகம். 1873 நவம்பர் 22 அன்று வில் து ஆவ்ர் கப்பல் மூழ்கி ஸ்பாஃபோர்டின் நான்கு மகள்கள் இறந்தார்கள். மனைவி அன்னா கார்டிஃபிலிருந்து அடித்த தந்தி 'தனியே காப்பாற்றப்பட்டேன்' என்று தொடங்கியது. இதுவரை சரி. ஆனால் மகனும் அதற்கு முன்பே இறந்ததாகப் பல பிரசங்கங்களில் சொல்கிறார்கள். அந்த மகன் இறந்தது 1880இல், பாட்டு வெளிவந்து நான்கு வருடம் கழித்து. பிறகு மனைவியிடம் போன கப்பலின் தளத்திலேயே ஸ்பாஃபோர்ட் பாட்டை எழுதினார் என்பதையும் அடித்துச் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் படி இருப்பது சிகாகோ ஹோட்டல் ஒன்றின் தாளில்.

இந்தப் பிழைகள் இல்லாத தமிழ் அறிமுகம் கைவசம் இருந்தால் இங்கேயே போடுங்கள். பல்லவிச் சொல்தான் அவசரம்.