அனுபவப் பகிர்வு: "அதுல நானும் உண்டா மாப்ள?"

ஜெலுத்தோங் வாசி எழுதியது:

பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். நோன்பு மாதம் வந்தால் கப்பித்தான் கிளிங் மசூதியில் பிற்பகல் கஞ்சிக்கு வரிசை நிற்கும். நான் இந்து. ஆனாலும் இருபது வருடமாக அந்த வரிசையில் நிற்கிறேன், அம்மாவுக்காக. அந்த வெந்தயமும் பூண்டும் சேர்ந்த வாசனை வீட்டில் எப்படிச் செய்தாலும் வராது என்பார். 2025 மார்ச்சில் முதல் தடவையாக அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

அந்த மாதம்தான் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் ஓடியது. 130 வருடக் கோயில் என்கிறார்கள். அது நின்ற நிலத்தை மாநகராட்சி 2014-இல் ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே மசூதி வரப்போகிறது, பிரதமர் 27-ஆம் தேதி அடிக்கல் நாட்டுகிறார் என்று செய்தி. கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி வேறு இடம் என்று பேசி முடித்தார்கள். அதற்கு முந்தைய நாட்களில்தான் கைப்பேசி ஓயவில்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு குரல்பதிவு வந்தது. "இன்னைக்கு ராத்திரி இடிக்க வர்றானுங்க, அவனுங்களுக்கு நாம யாருன்னு காட்டணும்." பேசுகிறவர் யார், எங்கிருந்து பேசுகிறார், ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு பெண் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த அழுகைதான் என்னைக் கவிழ்த்தது. தமிழ்ப்பள்ளி பழைய மாணவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குத் தட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கோயில் அதே இடத்தில் அப்படியே இருந்தது. ராத்திரி ஒருவரும் வரவில்லை.

அந்தக் குழுவில் நாற்பது பேர். அதில் ஒரே ஒரு முஸ்லிம், எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். லெபோ சூலியாவில் அப்பா வைத்துவிட்டுப் போன மணிசேஞ்சர் கடையை நடத்துகிறான். அவன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் கடைக்குப் போனேன். நோட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்து ரப்பர் போட்டுக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"நீ அனுப்பினியே, அதுல 'அவனுங்க, அவனுங்க'ன்னு வருதே. அதுல நானும் உண்டா மாப்ள?"

"டேய், உன்னைய சொல்வேனா?" என்றேன். அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

இவனோடு எனக்கு 1998 மார்ச் கூட உண்டு. இங்கே பினாங்கில், கம்போங் ராவாவில் கோயிலும் மசூதியும் அருகருகே இருந்த இடத்தில் மோதல் வந்த சமயம். அப்போது இந்தப் புலனம் எல்லாம் ஏது? ஆனாலும் வதந்தி வீடு வீடாக வந்தது. அவன் அப்பா கடையை மூடிவிட்டார், என் அம்மா என்னை வாசல் தாண்ட விடவில்லை. அமளி அடங்கியதும் அவன்தான் முதலில் எங்கள் வீட்டுக்கு சைக்கிளில் வந்தான். ஒன்றும் பேசவில்லை, அம்மாவிடம் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அப்படிப்பட்டவனிடம்தான் இருபத்தேழு வருடம் கழித்து இந்தக் கேள்வியை வாங்கினேன்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்காக வந்த கோபம் பொய்யில்லை, இப்போதும் இருக்கிறது. சாமி இருக்கிற நிலத்தை விற்கக் கையெழுத்துப் போட்டவர்களை இன்றும் கேட்பேன். ஆனால் அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் இறக்கிய இடம் வேறு.

செந்தூல் அக்கா எழுதியது:

என் கதை 2020. நான் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன், அதனால் அந்த மார்ச் மாதம் எனக்கு மறக்காது. கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் மசூதியில் பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை தப்லீக் என்கிற முஸ்லிம் மதப் பிரச்சார அமைப்பின் கூட்டம், சுமார் 16,000 பேர். அங்கிருந்து கொரோனா பரவி, மார்ச் 18-ஆம் தேதி நாட்டையே பூட்டினார்கள். எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அண்ணன் கூட்டத்துக்குப் போய் வந்தவர்.

எனக்குப் பயம். பயம் மட்டும் இல்லை, கோபமும்தான். பரிசோதனைக்கு வரச் சொல்லி அறிவித்த பிறகும் நாலு நாள் போகாமல் இருந்தார். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, அதே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார். படிக்கட்டில் அவரைப் பார்த்து, "ஏண்ணே இன்னும் போகல?" என்று சத்தமாகவே கேட்டேன். அது நியாயமான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த சில வாரங்களில் இந்தியாவிலிருந்து வீடியோக்கள் வர ஆரம்பித்தன. டெல்லியிலும் ஒரு தப்லீக் கூட்டம் நடந்திருந்தது இல்லையா, அதை வைத்து. பழத்தில் எச்சில் தடவுகிறார்கள், வேண்டுமென்றே பரப்புகிறார்கள் என்று. பழக்காரர் வீடியோ பிப்ரவரியிலேயே, ஊரடங்குக்கு முன்பே எடுத்தது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் இவரைப் பற்றியே எடுத்த படம் மாதிரி இருந்தது. அந்த வீட்டு அக்கா கதவில் ஒரு பை மாட்டிவிட்டுப் போயிருந்தார், ஆப்பிள்தான். எங்கள் மாமியாருக்கு என்று. நான் அதைச் சாப்பிடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. குப்பையில் போட்டேன். கிளினிக்கில் கிருமியைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கிறவள் நான்! சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குடும்பம் பிறகு வீடு மாறிப் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக வந்துவிட்டார். ஆப்பிள் விஷயம் அந்த அக்காவுக்குத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. முதல் தடவையாக இங்கேதான் சொல்கிறேன்.

மூணாவது தலைமுறை மாமாக் எழுதியது:

ஜெலுத்தோங் அண்ணே, அந்த மணிசேஞ்சர் நானில்லை, ஆனால் அவர் சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியும்.

எங்கள் தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவர். வீட்டில் தமிழ்தான். இங்கே தமிழ் முஸ்லிம்களை 'மாமாக்' என்பார்கள், அது 'மாமா'விலிருந்து வந்த சொல்லாம். உறவுமுறைதான், ஆனால் கோபம் வந்தால் அதுவே வசவு. 2017 ஜூலையில், அன்று துணைப் பிரதமராக இருந்த ஸாஹிட் ஹமிடி, மகாதீரின் பழைய அடையாள அட்டையில் 'இஸ்கந்தர் குட்டியின் மகன்' என்று இருந்ததாக மேடையில் பேசினார், அவர் அசல் மலாய்க்காரர் இல்லை என்று குத்திக்காட்டுகிற மாதிரி. இருபத்திரண்டு வருடம் பிரதமராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால் நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன? முகநூலில் மலாய்க்காரர்கள் சிலருக்கு நான் போலி மலாய்க்காரன். தமிழ்க் குழுக்களில் சிலருக்கு நான் துலுக்கன். கோயில் விவகாரத்தில் எனக்கு ஒரு கருத்து இருந்தது. பேசி ஒத்துக்கொண்டபின் அடிக்கல் நாட்டட்டும், என்ன அவசரம் என்று. வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பக்கமும் வாங்கியிருப்பேன்.

இப்போது என் தப்பையும் சொல்கிறேன். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸா வீடியோக்கள். தூக்கம் போய்விட்டது. குழந்தைகளைப் பார்த்தால் சோறு இறங்காது. அந்த வேகத்தில் ஒரு வீடியோவை எல்லாக் குழுவுக்கும் அனுப்பினேன், ராத்திரி வானத்தில் விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற மாதிரி. என் அக்கா மகன், பதினாறு வயசு, பார்த்துவிட்டு "மாமா, இது ஆர்மா 3, கேம்" என்றான். அதைச் செய்த செக் நாட்டு நிறுவனமே, எங்கள் விளையாட்டுக் காட்சியைப் போர்க் காட்சி என்று பரப்புகிறார்கள் என 2022-இலேயே அறிக்கை விட்டிருக்கிறதாம். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் அனுப்பியது பொய், ஆனால் அங்கே செத்தவர்கள் பொய் இல்லை. இதைத் தமிழ்க் குழுவில் எப்படிச் சொல்வது? "பார்த்தியா, எல்லாமே பொய்" என்று ஒருவர் உடனே எழுதினார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

இன்னொன்று, சிறியது. அந்தச் சமயத்தில் அமெரிக்கத் துரித உணவுக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நானும் எழுதினேன். அதே அக்கா மகனின் அண்ணன் அப்படி ஒரு கடையில்தான் வேலை பார்த்தான். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். நான் எழுதியதை அழிக்கவில்லை. அவனும் என்னை எதுவும் கேட்கவில்லை.

பத்துமலைப் பாதை எழுதியது:

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியும் ஆப்பிளும் சரி. நம் மலேசியாவில் ஒரு இந்துத் தாய், இந்திரா காந்தி என்று பெயர், அவர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2009-இல் தகப்பன் இஸ்லாமுக்கு மாறி, தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லியது. அதற்குப் பிறகும் கைக்குழந்தையாகப் போன மகளைத் தேடி அந்த அம்மா வருடக்கணக்கில் அலைந்தார். இதெல்லாம் புலனத்தில் வந்த வதந்தியா? எல்லாவற்றையும் போனின் மேல் பழி போட்டால் வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜெலுத்தோங் வாசி மறுபடி எழுதியது:

பத்துமலை தம்பி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் கடையில் லட்டு கொடுத்தோம். நான் கேட்டது வேறு. அந்தக் குரல்பதிவு இந்திரா காந்திக்கும் உதவவில்லை, கோயிலுக்கும் உதவவில்லை. என் நண்பன் கடைக்குள் மட்டும்தான் போய் நின்றது.

செந்தூல் அக்கா, உங்கள் ஆப்பிள் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்துவிட்டது.

மீதியையும் சொல்கிறேன். சில நாள் கழித்துத்தான் குரல்பதிவை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், நேரம் தாண்டிவிட்டது, 'எனக்கு மட்டும் நீக்கு' என்றுதான் காட்டியது. அதனால் குழுவில் எழுதினேன்: நான் அனுப்பியது தப்பு, ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை என்று. மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர், "உனக்கு யார் காசு கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். மற்றவர்கள் பிறந்தநாள் வாழ்த்துக்குப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் நோன்பு திறந்தபின் அவன் கடைக்குப் போனேன். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) இரண்டு வரவழைத்தான். கொஞ்ச நேரம் ரூபாய் விலை, சிங்கப்பூர் வெள்ளி விலை பேசினோம். அப்புறம் தன் போனை என் பக்கம் திருப்பினான். மலாயில் ஒரு வீடியோ. கோயில்களைப் பற்றி, நம்மைப் பற்றி. கீழே எழுதியிருந்ததையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவன் இருக்கிற ஒரு குழுவில் வந்ததாம், அதுவும் அதே வாரம்தான்.

"இத நான் யாருக்கும் அனுப்பல மாப்ள," என்றான். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அனுப்பினவன ஒரு வார்த்த கேக்கவும் இல்ல."