ஏபிஎஸ் லைட் எரியல, ஆனா நிக்கப்போற நேரத்துல பெடல் உதைக்குது (கோத்தகிரி)

அரவேணு_டீசல்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,38,000 ஓடிருக்கு, நான் ரெண்டாவது ஓனர். கம்பெனி பேரு போடல, போட்டா இங்க வேற சண்டை ஆரம்பிச்சிடும். ஐப்பசி மழைக்கு அப்புறம் தான் இந்த தொல்லை, பிரேக் பிடிச்சு வேகம் ஒரு பத்து கிலோமீட்டருக்கு வந்ததும் பெடல் கால்ல கடகடன்னு உதைக்குது, கர்ர்னு ஒரு சத்தம், வண்டி நிக்காம ரெண்டடி முன்னாடி வழுக்கிட்டு போய் தான் நிக்குது. நேத்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பாட்டி குறுக்க வந்துட்டாங்க, மயிரிழைல தப்பிச்சாங்க, அவங்க திட்டினத இங்க எழுத முடியாது. வேகமா போறப்ப பிடிச்சா ஒண்ணுமே தெரியல. சாவி போட்டா ஏபிஎஸ் (சக்கரம் லாக்காகாம பிரேக்க விட்டு விட்டு பிடிக்கற அமைப்பு) லைட் எரிஞ்சு அணையுது, ஓட்டறப்ப எரியறதே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை வீட்டாளுங்கள ஏத்திட்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன், குஞ்சப்பனை தாண்டறப்ப கருகுற வாசனை, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது, ரெண்டு மூணு மிதி மிதிச்சா தான் பிடிக்குது. ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தி வச்சேன், சரியாயிடுச்சு. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க, எரர் கோடு எதுவும் வரல, ஆனாலும் 'ஏபிஎஸ் யூனிட் போச்சு, மாத்தணும், 38,000'ங்கறாங்க. வண்டியே ஒண்ணரை லட்சம் தான் போகும். என்ன பண்ணலாம்?

காட்_ரோடு_பெருசு:
தம்பி, யூனிட்ட மாத்தாத, காச பத்திரமா வை. நீ ரெண்டு நோவ ஒண்ணா போட்டு குழப்பிக்கிற. பத்து கிலோமீட்டர்ல உதைக்கறது ஒண்ணு, மலை இறக்கத்துல பெடல் பஞ்சாகறது வேற.

ரெண்டாவத மொதல்ல பாரு, அது தான் ஆள கொல்லும். பிரேக் ஆயில் எப்ப மாத்தினது? அது காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், நம்ம ஊரு மஞ்சுக்கு சொல்லவே வேணாம். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரிக்கு மேல தான் கொதிக்கணும், தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி வரைக்கும் எறங்கிடும். கோத்தகிரில இருந்து கீழ 33 கிலோமீட்டருக்குள்ள 1400 மீட்டருக்கு மேல இறக்கம், காலை எடுக்காம தேய்ச்சுகிட்டே வந்தா காலிபர்ல (பேட டிஸ்க் மேல அழுத்தற பாகம்) ஆயில் கொதிச்சு ஆவியாயிடும், ஆவிய எவ்வளவு மிதிச்சாலும் அமுங்கத்தான் செய்யும், பேடுக்கு பிரஷர் போகாது. ஆறினதும் பழையபடி ஆயிலாயிடும், அதான் உனக்கு அரை மணி நேரத்துல சரியாச்சு. பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்து வண்டி நிக்கலன்னா அது பேடு சூட்டுல காய்ஞ்சு பிடிப்பு போனது, இல்லன்னா பூஸ்டர்ல (மிதிக்கற பலத்த கூட்டிக் குடுக்கற பாகம்) வேக்யூம் இல்ல, உன்னோடது அது கிடையாது.

நாலு சக்கரத்தையும் தூக்கி கையில சுத்தி பாரு. எதாவது ஒண்ணு இறுக்கமா சுத்தினா காலிபர் பின் துருப்பிடிச்சு மாட்டிருக்கும். கருகுற வாசனைக்கு எனக்கு அது மேல தான் சந்தேகம். இன்னொண்ணு, சூடேறின டிஸ்க்ல தண்ணி மட்டும் ஊத்திடாத, பர்லியார்ல டூரிஸ்ட்டுங்க ஊத்தறத பாத்து பாத்து எனக்கு வயிறு எரியுது, டிஸ்க் கோணிக்கும்.

மலைரைடர்07:
ப்ரோ சிம்பிள், ஏபிஎஸ் ஃபியூஸ புடுங்கி போட்டுட்டு ஓட்டுங்க. எங்கப்பா காலத்துல ஏது ஏபிஎஸ், கல்லட்டி 36 பெண்டும் அம்பாசிடர்ல இறங்கினவங்க தானே.

கோவை_ஸ்கேனர்:
@மலைரைடர்07 ஏனுங்க, மழைல ஈரமா இருக்கற ரோட்டுல இந்த ஐடியா குடுக்கறீங்களே. நெறைய வண்டில பின் சக்கரத்துக்கு போற பிரஷர அளக்கறதும் அதே யூனிட் தான், ஃபியூஸ எடுத்தா பின்னாடி மொதல்ல லாக்காகி வண்டி சுத்திக்கும். சோதனைக்கு மட்டும்னா சரிங்க. சமதரையா ஒரு காலி கிரவுண்டுல ஃபியூஸ எடுத்துட்டு 20ல போய் மெதுவா பிடிச்சு பாருங்க, உதைப்பு நின்னுச்சுன்னா டிஸ்க் கோணல் இல்ல, ஏபிஎஸ் தான் தேவையில்லாம வேலை செய்யுதுன்னு அர்த்தம். பாத்த உடனே ஃபியூஸ திரும்ப போட்டுருங்க.

கோடு வராதது தாங்க இதுல விஷயமே. சக்கரத்தோட வேகத்த அளக்கற சென்சார் செத்திருந்தா, வயர் அறுந்திருந்தா லைட் எரிஞ்சிருக்கும். உங்க வண்டில சிக்னல் வருது, ஆனா தப்பா வருது. முன்னாடி டிரைவ் ஷாஃப்ட்ல (சக்கரத்த சுத்தற தண்டு) பல்லு பல்லா ஒரு ரிங் இருக்கும், பழைய வண்டில அதுக்கு அடியில துரு ஊறி உப்பி ரிங்கையே வெடிக்க வச்சிடும். வெடிச்ச இடத்துல மட்டும் பல்லுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி, சக்கரம் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த இடம் சென்சார்கிட்ட வர்றப்ப இந்த சக்கரம் திடீர்னு நிக்குதுன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்கும், பிரேக்க விட்டு விட்டு பிடிக்கும். நீங்க சொல்ற கடகட அது தாங்க.

ஏபிஎஸ் படிக்கற ஸ்கேனர்ல லைவ் டேட்டா போட்டு பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு 15ல போங்க, நாலு சக்கரமும் 15, 15, 15னு காட்டறப்ப ஒண்ணு மட்டும் 15, 6, 15னு குதிச்சா அதாங்க குற்றவாளி. ஆன்லைன்ல வாங்கற சின்ன ப்ளூடூத் டாங்கிள் பெரும்பாலும் இஞ்சின் மட்டும் தான் படிக்கும், அத நம்பாதீங்க. மல்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் (மின்தடை) பாக்கறதா இருந்தா மொதல்ல சென்சார் எந்த டைப்புன்னு கேட்டுக்கோங்க, காயில் டைப்னா இடது வலது ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி காட்டணும், ஹால் டைப்ல ஓம்ஸ் பாத்து பிரயோஜனமில்ல. அப்புறம் சமீபத்துல ஹப் பேரிங் மாத்தினீங்களா? சில வண்டில பேரிங் சீல்லயே காந்தம் இருக்கும், அத திருப்பி அடிச்சுட்டாலும் ஏபிஎஸ் கோளாறு வரும்.

அரவேணு_டீசல்:
பேரிங் மாத்தலைங்ணா. ஃபியூஸ் டெஸ்ட் பண்ணேன், உதைப்பு சுத்தமா நின்னுச்சு. பெருசு சொன்ன மாதிரி சக்கரத்த தூக்கினா முன்னாடி இடது கையால சுத்தவே முடியல, உள்பக்க பேடு பிஸ்கட் மாதிரி தேஞ்சு கெடக்கு, வெளிப்பக்கம் பாதிக்கு மேல இருக்கு. காலிபர் பின் ரெண்டும் துரு. ஆயில் டப்பா மூடிய திறந்தா உள்ள டிகாஷன். இதுல ரிங் எங்க வெடிச்சிருக்குன்னு தேடினா வலது பக்கம் தான் கிடைச்சது, மொபைல் டார்ச் அடிச்சு சக்கரத்த கொஞ்சம் கொஞ்சமா திருப்பினேன், துருவோட துருவா ஒண்ணும் தெரியல, அப்புறம் பழைய பல்லு தேய்க்கற பிரஷ் வச்சு தேய்ச்சா நகம் போற அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த சந்தோஷத்துல ஒரு டீ போட்டு குடிச்சேன்.

காட்_ரோடு_பெருசு:
பேடு ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்து, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா இழுக்கும். காலிபர் பின்ன கழட்டி துருவ எடுத்து பிரேக் கிரீஸ் தான் போடணும், சாதா கிரீஸ் ரப்பர ஊற வச்சிடும். ஆயில் முழுசா எடுத்துட்டு டாட் 4 ஊத்தி நாலு சக்கரத்துலயும் ஏர் எடுக்க சொல்லு. டப்பால மட்டும் உறிஞ்சிட்டு புதுசு ஊத்தி காசு வாங்கற ஆளுங்களும் இருக்காங்க, பக்கத்துல நின்னு பாரு. இறங்கறப்ப ஏறின கியர்லயே இறங்கு, பெண்டுக்கு முன்னாடி நல்லா ஒரு மிதி, அப்புறம் காலை எடு.

அரவேணு_டீசல்:
அப்டேட். ரிங் மேட்டுப்பாளையத்துல கிடைக்கல, கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பேர் கடைல 450 ரூபா. ஷாஃப்ட்ட வெளிய எடுத்து துரு பூரா எமரி பேப்பர்ல தேய்ச்சு புது ரிங் ஏத்தியாச்சு. பேடு, ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 5,200. நேத்து குஞ்சப்பனை வரைக்கும் ரெண்டாவது கியர்ல இறங்கி ஏறி வந்தேன், வாசனையும் இல்ல உதைப்பும் இல்ல.

கோவை_ஸ்கேனர்:
சந்தோஷங்க. சென்சார கழட்டறப்ப உடையலையா? எனக்கு பத்துல ஆறு கையோட வந்துடும்.

அரவேணு_டீசல்:
சென்சார் தப்பிச்சுதுங்ணா, போல்ட் உடைஞ்சது. ராத்திரியே துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சு வச்சும் காலைல திருகினா தலை மட்டும் தனியா வந்துடுச்சு, ட்ரில் பண்ணி எடுக்க ஒண்ணரை மணி நேரம். இடது பக்கம் ரிங்கும் துருவா தான் இருக்கு, அத இப்ப தொடறதா வேணாமான்னு யோசிக்கறேன்.