சேலம் ஐந்து ரோடு பாலத்துக்குக் கீழே ஜிபிஎஸ் குரல் குழப்புகிறது, உடனே உதவி தேவை

கன்னங்குறிச்சி குமார்: எனக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. நாளைக் காலை ஐந்து ரோட்டில் பஸ் இறங்கி, புது வேலைக்குத் தனியாக நடந்து போக வேண்டும். இன்று போய்ப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே வந்ததும் "வலது பக்கம் திரும்பவும்" என்கிறது, அங்கே திரும்ப வழியே இல்லை. நின்றால் திசையும் மாறுகிறது. என்ன செய்ய?

செவ்வாய்ப்பேட்டை: என்ன போன், எந்த ஆப்? நடக்கிற வழி வைத்தீர்களா, கார் வழியா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது தம்பி?

அகிலா, அஸ்தம்பட்டி: பேட்டரி சேவர் ஆன் ஆகியிருக்கும். முதலில் அதை அணையுங்கள். எனக்கு அதனால்தான் குரல் தாமதமாக வந்தது.

ஏற்காட்டான்: போனுக்கு மூடுகிற கவரா? அதில் காந்தம் இருக்கும். நிற்கும்போது திசை சொல்வது போனுக்குள் இருக்கும் திசைகாட்டி, காந்தம் பக்கத்தில் இருந்தால் அது தடுமாறும். நடக்க ஆரம்பித்தால்தான் ஜிபிஎஸ் நம் நகர்வை வைத்துத் திசையைப் பிடிக்கும். கவரைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் எட்டு போடுவது போலச் சுழற்றுங்கள். எனக்கும் பார்வை இல்லை, ஏற்காடு மலைப் பஸ்ஸில் போனை வைத்துத்தான் இறங்குமிடம் தெரிந்துகொள்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் மேல் ரோடு, கீழ் ரோடு பக்கத்துப் பக்கத்தில் வருவதால் அது குழம்பத்தான் செய்யும்.

நிலவாரப்பட்டியார்: இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அது 2020-இல் திறந்த ஈரடுக்குப் பாலம். தலைக்கு மேல் கான்கிரீட் இருந்தால் சிக்னல் நேராக வராமல் கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும். நீங்கள் தரையிலா, பாலத்திலா என்று போனுக்குப் புரியாது. திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகும். அடிப்படை தெரியாமல் ஏன் போனை நம்ப வேண்டும்? பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் போதுமே.

அகிலா, அஸ்தம்பட்டி: அண்ணா, கேட்டால் "அந்தப் பக்கம் போங்க" என்று கையைக் காட்டுகிறார்கள். இல்லையென்றால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, நான் கடக்கவே வேண்டாத ரோட்டைக் கடக்க வைக்கிறார்கள். போன் தப்பாகச் சொன்னாலும் என்னை இழுக்காது.

நிலவாரப்பட்டியார்: உதவ வருபவரையும் குறை சொன்னால் யார்தான் வருவார்கள்?

செவ்வாய்ப்பேட்டை: வரட்டும், "கூட வரட்டுமா" என்று கேட்டுவிட்டு முழங்கையைக் கொடுக்கட்டும். பிடித்துக்கொண்டு பின்னால் வருவது எங்கள் வேலை.

ஏற்காட்டான்: தம்பிக்கு விடிந்தால் வேலை, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். குமார், ஆபீஸ் வாசலை இன்றே மேப்பில் சேமித்துவிடுங்கள். பாலத்துக்குக் கீழே குரல் சொல்லும் திருப்பத்தை எடுக்காதீர்கள், ஸ்டிக்கை ஓரக்கல்லில் ஒட்டியே நடங்கள். பாலத்தை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்த பிறகு மறுபடி கேளுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன், இன்னொரு காது வண்டிச் சத்தத்துக்கு வேண்டும்.

கன்னங்குறிச்சி குமார்: கவரில் காந்தம் இருந்தது. கழற்றினதும் நிற்கும்போது திசை சரி. பாலத்துக்குக் கீழே இன்னும் தப்பாகத்தான் சொல்கிறது, ஸ்டிக்கை வைத்து வந்துவிட்டேன். நேரத்துக்குச் சேர்ந்தாயிற்று. நன்றி.

செவ்வாய்ப்பேட்டை: சந்தோஷம். என்ன போன் என்று இப்போதாவது சொல்லுங்கள், அடுத்து வருபவருக்கு ஆகும்.