புதுப்பிப்பு: ஹோஸ்டிங் மாற்றும்போது மெயில் பத்திரம்

சிறு கடையின் இணையதளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்வது) போதும், முதல் வருடச் சலுகையைவிடப் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதோடு 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஹோஸ்டிங் கெடு முடிவதற்குள் வேறு இடத்துக்கு மாறுவது எப்படி என்று கேட்டவர்களுக்காக இது.

தளத்தை நகர்த்துவது சுலபம். கோப்புகளையும் டேட்டாபேஸையும் புது சர்வரில் ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தத் தளம் எந்த முகவரியில் என்று கணினி முதலில் பார்க்கும் பட்டியல்) புது ஐபியை, அதாவது புது சர்வரின் எண் முகவரியை எழுதிச் சோதித்துவிடலாம். சிக்கல் வருவது மெயிலில்தான். நேம்சர்வரை (உங்கள் டொமைனின், அதாவது தளப்பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றினால் பழைய டிஎன்எஸ் பதிவுகள் (தளமும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்பவை) எதுவும் கூடவே வராது. எம்எக்ஸ் (மெயில் எங்கே வரவேண்டும்), எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம்), டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) மூன்றையும் புது இடத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இல்லையென்றால் வரவேண்டிய ஆர்டர் வராது, நீங்கள் அனுப்பும் பில் ஸ்பேமில் விழும்.

டொமைன் வாங்கிய இடத்திலேயே டிஎன்எஸ்ஸும், தனிச் சேவையில் மெயிலும் இருந்தால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். ஏ ரெக்கார்டை (தளத்தின் ஐபியைச் சொல்லும் பதிவு) மட்டும் மாற்றுங்கள். முந்தைய நாளே அதன் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்குக் குறைத்துவிட்டால் மாற்றம் சீக்கிரம் பரவும். பழைய ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6 என்ற புதுவகை ஐபிக்கான பதிவு) இருந்தால் நீக்குங்கள். அது இருக்கும்வரை ஐபிவி6 வழியாக வருபவர்கள் பழைய தளத்துக்கே போவார்கள்.

எஸ்எஸ்எல்லுக்குத் (தளத்தைப் பாதுகாப்பான https ஆக்கும் சான்றிதழ்) தனியாகக் காசு வேண்டாம், இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் போதும். ‘அன்லிமிடெட்’ திட்டத்தில் ஐநோடு வரம்பை (எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற உச்சவரம்பு) கேளுங்கள்: பல இடங்களில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பாகத்தான் கணக்காகும்.

பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். ஒரு வாரம் விட்டு, அங்கே தங்கிய மெயில்களை ஐமேப் (சர்வரிலுள்ள மெயிலை மெயில் செயலியில் திறக்கும் முறை) வழியாக எடுத்தபின் மூடுங்கள்.